ரப்பர் படகா, பைபர் படகா? நிலாவெளிக் கரையில் மூன்று பருவம்

சுழியோடிகளை ஏற்றுவதற்காக வைத்திருந்த, பக்கங்களில் காற்றுக் குழாய் உள்ள ரப்பர் படகை விற்றுவிட்டு, சென்ற வைகாசியில் கண்ணாடி நாரால் ஆன 23 அடி பைபர் படகு ஒன்றை எடுத்தோம். அன்று முதல் கரையில் காண்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் விற்றீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மச்சானுக்கும் எனக்கும் வாய் வலித்துவிட்டது. அடுத்த பருவத்துக்குப் படகு பார்க்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த பெரிய மரப்படகை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை. நிலாவெளியில் படகை மணலில் இருந்துதான் இறக்க வேண்டும். அந்தப் பாரத்தைத் தள்ள ஊரே திரள வேண்டும். துறைமுகத்துக்குள் கட்டி வைக்க இடம் உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

தண்ணீரில் இருக்கும்வரை ரப்பர் படகுதான் மேல். அதை மறைத்துப் பேசினால் நான் பொய்யன். குழாயின் மேல் உட்கார்ந்து முதுகுப்பக்கமாகச் சாய்ந்தால் சுழியோடி கடலுக்குள் போய்விடுவார். திரும்பி வரும்போது ஈயப்பட்டியையும் சிலிண்டரையும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காலை இரண்டு தரம் உதைத்தால் கடல்நாய்போல வழுக்கி உள்ளே விழுவார். நான்கு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றாலும் படகு பெரிதாகச் சரியாது. குழாய் பல அறைகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். பாரம் குறைவு என்பதால் சிறிய எஞ்சினும் போதும்.

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையின் அடிவாரத்தில் இந்த அருமை இன்னும் தெரியும். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்ட இடம் அது. அங்கே அலை பாறையில் மோதித் திரும்பும்போது படகு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ரப்பர் படகு பாறையில் ஒரு தட்டுத் தட்டினாலும் பந்துபோலத் திரும்பி வரும். பைபர் படகில் போகும்போது இன்றைக்கும் எனக்கு அந்த இடத்தில் வயிறு கலங்குகிறது.

சிக்கல் எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

அடி கெட்டியான ரப்பர் படகு பிறந்த கதையே ஒரு பராமரிப்புக் கதை. 1960களில் வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில், டெஸ்மண்ட் ஹோர் என்ற கடற்படை அட்மிரலின் மேற்பார்வையில் மாணவர்கள் ஊதல் படகுகளை மீட்பு வேலைக்கு ஓட்டினார்கள். கூழாங்கற்கள் நிறைந்த கரையில் இழுத்து இழுத்து அடித்துணி தேய்ந்து போயிற்று. ஒட்டுப்பலகையை அடியில் வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். அடி கெட்டியாகவும் பக்கம் காற்றுக் குழாயாகவும் உள்ள படகு அப்படித்தான் உருவானது. ஹோர் அதன் காப்புரிமையைப் பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரு ஸ்டேர்லிங் பவுணுக்குக் கொடுத்தார். 1972இல் அந்த நிறுவனத்தின் 'அட்லாண்டிக் 21' என்ற மீட்புப் படகு சேவைக்கு வந்தது. அடியைத் தேய்க்கிற கல்லுக்கு அவர்கள் மருந்து கண்டுவிட்டார்கள். பக்கத்தைச் சுடுகிற வெயில் வேல்ஸ்காரருக்குக் கவலையே இல்லை. நமக்கு அதுதான் முதல் எதிரி.

ரப்பர் படகு என்று சொன்னாலும் எங்களுடையது பிவிசி என்ற பிளாஸ்டிக் துணியால் ஆன குழாய். காலை ஓட்டம் முடிந்து பத்தரை மணிக்கு மணலில் ஏற்றி வைத்தால், நண்பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து குழாய் மத்தளம்போல இறுகிவிடும். காற்றைக் கொஞ்சம் திறந்து விடாவிட்டால் ஒட்டு பிரியும். திறந்து விட்டால் மறுநாள் காலையில் குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் குழாய் தொய்ந்து நிற்கும், மீண்டும் பம்ப் அடிக்க வேண்டும். பருவம் முழுவதும் இந்தத் திறப்பும் அடிப்பும்தான். இரண்டாவது பருவத்தின் நடுவில் வெயில் பட்ட மேற்புறம் பிசுபிசுத்தது. தொட்டால் கையில் ஒட்டியது. பிறகு ஒட்டு ஒவ்வொன்றாக விட்டது.

ஒட்டுவது சின்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு பாகமாக வரும் பசையைக் கலந்து பூச வேண்டும். பிவிசிக்கு ஒரு பசை, ஹைப்பலோன் என்ற செயற்கை ரப்பர் குழாய்க்கு வேறொன்று. மாற்றிப் பூசினால் பிடிக்காது. காற்றில் ஈரம் கூடினாலும் பிடிக்காது. கடற்கரையில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? கச்சான் காற்று காய்ந்து வீசுகிற மதியத்தைப் பார்த்திருந்து ஒட்டினோம். ஒட்டிய பின் ஒரு நாளாவது படகைத் தொடக்கூடாது. பருவத்தின் உச்சத்தில் அந்த ஒரு நாள் ஒரு நாள் வருமானம். பசை முடிந்தால் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஒருமுறை வந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே கட்டியாகிக் கிடந்தது.

இனி பைபர் படகைப் பாருங்கள். ஆடி மாதம் கரைக்கு ஏற்றும்போது அடியில் ஒரு கல் கீறி, விரல் நீளத்துக்கு நார் தெரிந்தது. பக்கத்து வாடியில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதற்கு ஏன் முகம் கறுக்கிறீர்கள்? சோறு தின்றுவிட்டு வருகிறேன்" என்றார். வந்து அந்த இடத்தைத் தேய்த்தார், கண்ணாடி நார்ப்பாயை வெட்டி வைத்தார், ரெசினில் கடினமாக்கியைச் சொட்டுவிட்டுக் கலந்து பூசினார். நம் வெயில் இந்த வேலைக்கு உதவிதான் செய்கிறது. ரெசின் விறுவிறுவென்று இறுகிவிடுகிறது. மறுநாள் காலை புறாமலைத் தீவுக்கு வழக்கம்போலப் போனோம். குச்சவெளி வரை எந்த வாடியில் கேட்டாலும் இந்த வேலை தெரிந்த கை ஒன்று கிடைக்கும். எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

காற்றை அடைத்து வேலை வாங்குகிற எதுவும் ஓயாமல் ஒட்டுப் பார்க்கச் சொல்லும் என்று மச்சான் சொல்வான். சீனன்குடாவுக்கு விமானம் இறங்கும்போதெல்லாம் எட்வின் லிங்க் பற்றியும் தொடங்கிவிடுவான். லிங்க் தன் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டியைச் செய்தவர். தரையில் நின்றபடியே விமானம்போலச் சாய்ந்து திரும்புகிற பெட்டி அது. பிற்காலத்தில் அவர் சுழியோட்டத்தில் இறங்கி, நீரடித் தொல்லியலுக்கென்றே 'சீ டைவர்' என்ற கப்பலைக் கட்டினார். "துருத்தியில் பேர் எடுத்தவரே கடலுக்குப் போகும்போது காற்றை நம்பவில்லை பார்த்தாயா?" என்பது மச்சானின் வாதம். அது வாதமா என்பது வேறு விஷயம்.

விற்கும்போதும் வித்தியாசம் தெரிந்தது. பைபர் படகை முல்லைத்தீவு வரை எந்த மீனவரும் வாங்குவார். ரப்பர் படகுக்கு இன்னொரு சுழியோடிக் கடையோ ஹோட்டலோதான் வர வேண்டும். எங்களுடையது ஒரு ஹோட்டலுக்குப் போனது, கேட்ட விலையில் பாதிக்கு. அங்கே அதற்குக் கிடுகுக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருந்தபோது ஒரு தார்ப்பாய்தான். கொட்டில் போட நமக்குக் கரையில் இடம் இல்லை. நிழல் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். ஹைப்பலோன் குழாய் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதை நான் வைத்துப் பார்த்ததில்லை, விலையைக் கேட்டதோடு சரி. நெடுந்தூர ஓட்டத்திலும் எனக்கு அனுபவம் குறைவு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மீஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அப்படியான இடங்களுக்கு ஆள் கொண்டுபோகிறவர்கள் வேறு படகு சொல்லக்கூடும்.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. மீனவர்களிடமிருந்து படகோடு சேர்த்து மண்ணெண்ணெய் எஞ்சினையும் வாங்காதீர்கள். செலவு குறைவுதான், ஆனால் புகை பின்னாலிருந்து வீசினால் சுழியோட வந்தவர் தண்ணீரில் இறங்கும் முன்பே வாந்தி எடுப்பார். நாங்கள் 40 குதிரைவலு பெற்றோல் எஞ்சின் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம்.

பைபர் படகில் எனக்குத் தீராத குறை ஒன்றுதான்: விளிம்பின் உயரம். ஏறுவதற்கு ஏணி இல்லாமல் முடியாது. முதலில் அடித்த துருப்பிடிக்காத இரும்பு ஏணி தண்ணீருக்குள் ஒன்றரை அடிதான் போனது. கால்துடுப்போடு வருகிறவருக்கு முதல் படி முழங்காலுக்கு வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவை இரண்டு பேர் தூக்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே ஏறினார், எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இந்தக் கிழமை ஏணியை நிலாவெளிச் சந்தியில் உள்ள வெல்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன், கீழே இன்னும் இரண்டு படி வைப்பதற்கு.