ஒரே குடும்பப் பெயர், பல பிரபலங்கள்: முதலெழுத்தா, துறையா?

நூலின் பின்னட்டவணையோ வினாடி வினா அட்டையோ தயாரிக்கும்போது "எந்த ஹக்ஸ்லி?" என்று இடிக்கும். பிரித்துக் காட்ட இரண்டு வழி உண்டு.

தாளில் எடுக்கும் இடம்
முதலெழுத்து: "ஹக்ஸ்லி, ஆ." சில எழுத்தோடு முடியும்.
துறை: "ஹக்ஸ்லி (நாவலாசிரியர்)". குறுகிய பத்தியில் வரி மடங்கும்.

எங்கே சறுக்கும்
முதலெழுத்து: நாவலாசிரியர் ஆல்டஸும் 1963இல் மருத்துவ நோபல் பெற்ற ஆண்ட்ரூவும் தமிழில் 'ஆ' தான். பிரான்சிஸ் பேக்கனிலோ முழுப் பெயரே ஒன்று: தத்துவவாதி (1561–1626), ஓவியர் (1909–1992).
துறை: பேக்கன்களை நொடியில் பிரிக்கும். ஆனால் டி. எச். ஹக்ஸ்லி, அவர் பேரன் ஜூலியன் இருவருமே உயிரியலாளர்கள்.

இரண்டும் கைவிடும் இடம் நம்மூரிலேயே இருக்கிறது. எஸ். சந்திரசேகர், இயற்பியலாளர். யார்? 1983இல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சி. வி. ராமனின் அண்ணன் மகன். தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தை 1977இல் அறிவித்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ராமனின் சகோதரி மகன். இங்கே 'வானியற்பியல்', 'திரவப் படிகம்' என்று உட்துறை போடுங்கள். (சுழற்பந்து வீச்சாளர் பி. எஸ். சந்திரசேகருக்கு முதலெழுத்தே போதும்.)

பின்னட்டவணை, மேற்கோள் பட்டியலுக்கு முதலெழுத்து. மோதினால் பிறந்த ஆண்டு. பொது வாசகர், மாணவருக்கான அட்டைக்குத் துறை. தமிழ்ப் பெயரில் முதலெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர், அதை வெட்டாதீர்கள்.