நான்கு வயதுப் பேத்திக்கு நிறுவித் தந்த ஜிகொம்ப்ரி

சிறு பிள்ளைக்கான மென்பொருள் நல்லதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: "போதும், எழுந்து வாருங்கள்" என்று கூப்பிட்டால் பிள்ளை அழாமல் எழுந்து வருகிறதா? கைபேசியில் காணொளி பார்க்கும்போது என் பேத்தி வரமாட்டாள். ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பிள்ளை எந்த இடத்தில் எழுந்திருப்பது? ஜிகொம்ப்ரி (GCompris) என்ற, பிள்ளைகளுக்கான கணினி விளையாட்டுத் தொகுப்பின் பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்தது திறந்துகொண்டாலும், பிள்ளை கைவைக்கும்வரை அது பேசாமல் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கூப்பிட்டால் வந்துவிடுகிறாள்.

பிரான்சைச் சேர்ந்த புரூனோ கூதோன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது; அதாவது யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம், மாற்றலாம். 2 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கானது. காசு இல்லை, விளம்பரம் இல்லை. ஒருமுறை தரவிறக்கி நிறுவிவிட்டால் இணையத்தைத் துண்டித்துவிடலாம். திரை முழுவதையும் பிடித்துக்கொள்வதால் பிள்ளையின் விரல் வேறு கோப்புகளில் போய் விழுவதும் இல்லை.

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் படிப்பித்தவள் என்பதால் சொல்கிறேன், சுட்டியை (மவுஸை) பழக்குவதற்கு இதைவிடப் பொறுமையான வழியை நான் பார்த்ததில்லை. திரையை மூடியிருக்கும் கட்டங்களின் மேல் சுட்டியை நகர்த்தினால் அவை ஒவ்வொன்றாக மறைந்து, அடியிலிருந்து ஒரு விலங்கின் படம் வெளிப்படும். அவசரப்படுத்தும் கடிகாரம் இல்லை, தவறினால் திட்டும் ஒலி இல்லை.

என் மனம் கவர்ந்தது நீர்ச் சுழற்சி என்ற விளையாட்டு. மீன்பிடித்துவிட்டுப் படகில் திரும்பும் பென்குயின் குளிக்க வேண்டும், தண்ணீர் இல்லை. சூரியனைத் தொட்டால் கடல்நீர் ஆவியாகி மேகமாகும். மேகத்தைத் தொட்டால் மழை. பிறகு நீரேற்று நிலையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கடைசியில் குளியல். திருகோணமலைக் கடற்கரையில், எங்கள் உப்புவெளிப் பிள்ளைக்குப் படகில் வருகிறவரைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நம் குழாயில் வரும் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்துக் கொண்டுவருகிறார்கள் என்று சொன்னேன். அன்று மாலை குழாயைத் திறந்தபோது, அங்கே மழை பெய்ததா அம்மம்மா என்று விசாரித்தாள். பக்கத்தில் பெரியவர் இருந்தால்தான் இந்தப் பேச்சு நடக்கும். பிள்ளையைத் தனியே உட்காரவைத்துவிட்டுச் சமைக்கப் போவதற்கு இதை நிறுவ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் பக்கத்தில் படங்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளை திணறும். மேலிருந்து விழும் எழுத்துகளைத் தரையைத் தொடுமுன் தட்டச்சு செய்யும் விளையாட்டு இந்த வயதுக்குப் பதற்றம் தருகிறது. நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களும் குறைவு. திருகோணமலைக் கோட்டையடியில் புள்ளிமான் பார்த்து வளர்கிறவளுக்கு இதில் பென்குயின்தான் எங்கும்.

நேரத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைவாக இருப்பது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எங்கள் வீட்டில் அதில் பாதிதான், அதுவும் பகலில். மடிக்கணினி கூடத்து மேசையில் வாசலைப் பார்த்திருக்கிறது. கால் தொங்காதபடி அவளுக்கு ஒரு பலகை வைத்திருக்கிறேன். படுக்கையறைக்குக் கணினி போவதில்லை.

முன்பள்ளி வயதில் பிள்ளையும், மூலையில் பழைய கணினியும் இருக்கும் வீடுகளுக்கு இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பிள்ளையைக் கூப்பிடுமுன் அமைப்புப் பகுதிக்குப் போய் விளையாட்டுகளின் கடினத்தைக் காட்டும் நட்சத்திர அளவைக் குறைத்துவிடுங்கள். கடினமான விளையாட்டுகள் மறைந்து முதல் பக்கம் தெளிந்துவிடும். ஒலிக்கோப்புகளையும் இணையம் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.