பளபளக்கும் இரட்டைக் குழாய் ரெகுலேட்டர் செட்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ஸ்கூபா டைவிங்கில் டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவிதான் ரெகுலேட்டர். பழைய இரட்டைக் குழாய் வகையில் அது முதுகுப்புறம் டேங்கில் உட்காரும்; ஒரு குழாய் காற்றை வாய்க்குக் கொண்டுவரும், மற்றது விட்ட மூச்சைப் பின்னால் கொண்டுபோகும். அப்படிப்பட்ட பழைய ரெகுலேட்டரை டேங்க், ஹார்னஸோடு (உடம்பில் கட்டும் வார்கள்) முழு செட்டாக, "சர்வீஸ் முடிந்தது, அப்படியே தண்ணீரில் இறங்கலாம்" என்று விளம்பரம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் வாங்கியதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆள் பெயர் வேண்டாம். செய்த வேலை தெரிந்தால் போதும். இதைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

விளம்பரத்தில் இருந்தது இது: ராயல் அக்வா-மாஸ்டர் ரெகுலேட்டர், புதிய குரோம் பூச்சு, ஸ்டீல் 72 டேங்க் (72 கன அடி கொள்ளளவு வகை), பேக்பிளேட் (டேங்கைத் தாங்கும் முதுகுத் தகடு), மெல்லிய விங் (மிதப்புக்காக ஊதும் பை). "தொங்குகிற சாமான் எதுவும் இல்லாத எளிய அமைப்பு. அந்தக் காலத்தில் எப்படி இறங்கினார்களோ அப்படியே." இரட்டைக் குழாய் பிடித்தவர்களை இழுக்க இந்த இரண்டு வரி போதும். குமிழிகள் முகத்தை விட்டு முதுகுக்குப் பின்னால் போய்விடும், காதருகே சத்தம் இல்லை, மீன்கள் அவ்வளவாக விலகுவதில்லை. அதோடு உடம்பில் எதுவும் தொங்கவில்லை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த "எளிய அமைப்பு"தான் முதல் ஏமாற்று. வந்த டேங்கில் இருந்தது சாதாரண கே-வால்வு, வெறும் திறந்து மூடும் வால்வு. டேங்கில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் பிரஷர் கேஜ் இல்லை, ஆக்டோபஸ் (அவசரத்துக்கான உபரி மூச்சுக் கருவி) இல்லை. கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் கேஜ் ஏது?" என்றார். சரி, கேஜ் இல்லாமல் இறங்கினார்கள்தான். ஆனால் அவர்களுடைய டேங்கில் கடைசிக் காற்றை ஒதுக்கி வைக்கும் ஜே-வால்வு இருந்தது. அழுத்தம் ஏறத்தாழ 300 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கியதும் மூச்சு இறுகும். பக்கவாட்டில் இருக்கும் கம்பியைக் கீழே இழுத்தால் மீதிக் காற்று வரும், மேலே ஏறிவிடலாம். அதையும் கழற்றிவிட்டு, கேஜும் வைக்காமல் விற்றால் அது பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கும் இரண்டு நிலை ரெகுலேட்டர் கடைசி வரைக்கும் நன்றாகவே மூச்சு கொடுக்கும் என்பது இதில் கூடுதல் ஆபத்து. டேங்க் அழுத்தம், அந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைநிலை அழுத்தத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் திடீரென்று இறுகும். அப்போது டேங்கில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது.

கேஜ் வைக்க வழி இல்லாமலும் இல்லை. ரெகுலேட்டரை டேங்கோடு இறுக்கும் பிடியான யோக்குக்கும் டேங்க் வால்வுக்கும் நடுவில் பொருத்தும் பான்ஜோ இணைப்பு இருக்கிறது. அக்வா-மாஸ்டர் பெட்டிக்குள் பொருந்தும் ஃபீனிக்ஸ் என்ற மாற்று உடல்பாகமும் இருக்கிறது; கேஜ், ஆக்டோபஸ், விங்கை டேங்க் காற்றால் ஊதும் இன்ஃப்ளேட்டர் எல்லாவற்றுக்கும் அதில் துளைகள் உண்டு. எனக்கு வந்த விங்கை ஊத வாயைத் தவிர வேறு வழி வைக்கப்படவில்லை. பான்ஜோ மாட்டிப் பார்த்தேன், பழைய யோக்கின் நீளம் போதவில்லை. அந்த யோக் தற்கால வால்வுகள் சிலவற்றில் தனியாகக்கூடச் சரியாக உட்காராது என்று பிறகு பழுதுபார்ப்பவர் மாட்டிக் காட்டினார்.

இரண்டாவது விஷயம் இதைவிட நுணுக்கமானது. டேங்கை மிக உயரத்தில் கட்டி, டேங்குக்கும் முதுகுக்கும் நடுவில் தடித்த அடாப்டர் வைத்து முதுகிலிருந்தும் தள்ளி வைத்திருந்தார். ரெகுலேட்டர் என் பின்னந்தலைக்கு நேராக நின்றது. இரட்டைக் குழாயில் டயாஃப்ரம் (மூச்சு இழுக்கும்போது உள்வாங்கிக் காற்றைத் திறந்துவிடும் சவ்வு) இருக்கும் இடம்தான் எல்லாம். நுரையீரலுக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு ஒரே மட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு லேசாக மூச்சு வரும். நன்றாகச் சரிசெய்த கருவி சுமார் ஓர் அங்குல நீர் அழுத்த வித்தியாசத்துக்கே திறந்துவிடும். ஆனால் டயாஃப்ரம் நுரையீரலை விட அரை அடி உயரத்தில் இருந்தால், மூச்சு இழுக்கும்போது அந்த ஆறு அங்குலத்தையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். அதனால் தெரிந்தவர்கள் டேங்கை நன்றாகக் கீழே இறக்கி, ரெகுலேட்டர் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் முதுகை ஒட்டி இருக்கும்படி கட்டுவார்கள்.

இந்த மட்டப் பிரச்சினை கருவி பிறந்த நாளிலிருந்தே உள்ளது. 1943 தொடக்கத்தில் இதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் ழாக் குஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் முதல் மாதிரியை பிரான்சின் மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. மூச்சு வெளியேறும் வால்வு டயாஃப்ரத்தை விட உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சரியானது. மூச்சை மறுபடி பின்னால் கொண்டுபோக இரண்டாவது குழாய் இருப்பதே இதற்காகத்தான்.

என் விற்பனையாளர் இடத்தைச் சரிசெய்யவில்லை. உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தூக்கி வைத்து, கரையில் வாயில் வைத்தாலே காற்று தானாக வருகிற மாதிரி ஆக்கிவிட்டார். சோதித்துக் காட்டும் வீடியோவில் இது பிரமாதமாகத் தெரியும். நின்றால் தலை வெளியே இருக்கும் ஆழத்துக் குளத்தில் இறங்கிப் பார்த்தேன். மல்லாந்து படுத்தால் எந்த இரட்டைக் குழாயிலும் காற்று கொட்டும், அது இயல்பு. இதுவோ தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே இரைந்தது. கால் தாழ்ந்து தலை உயர்ந்தால் மார்பு வலிக்கிற அளவுக்கு இழுக்க வேண்டியிருந்தது.

அதே குளத்தில் மவுத்பீஸை ஒரு தடவை வாயிலிருந்து எடுத்தேன். இரண்டு குழாய்களிலும் தண்ணீர் நிறைந்துவிட்டது. உள்ளே ஒருவழி வால்வுகள் இல்லை. அவை இருந்தால், இடது பக்கம் சாய்ந்து ஒரு ஊது ஊதினால் தண்ணீர் வெளியேற்றும் குழாய் வழியாகப் போய்விடும். இல்லாமல் மொத்தத்தையும் வெளியேற்றுவது பழகியவர்களுக்கே சிரமம். ஆரம்பகால மவுத்பீஸ்களில் இந்த வால்வு இருக்காது என்பது உண்மைதான். படத்தில் பழமையாகத் தெரிய வேண்டும் என்று தேடிப்பிடித்து அதை மாட்டியிருக்கிறார் போல.

அப்புறம் இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துப் பிரித்தோம். குழாய்களில் ரப்பரைப் பளபளக்க வைக்கும் ஏதோ திரவம் தடவியிருந்தது; இழுத்து விரித்தால் மடிப்புகளின் பள்ளத்தில் வரிவரியாக வெடிப்பு. வாத்து அலகு போன்ற வெளியேற்று வால்வு ஓரத்தில் சுருண்டு, முழுதாக மூடாமல் இருந்தது. டேங்கின் உயர் அழுத்தத்தை அடைத்து நிறுத்தும் சீட்டில் பழைய தழும்பு, அதனால் இடைநிலை அழுத்தம் ஒரு இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. டயாஃப்ரம் மட்டும் புதிய சிலிக்கான். நியாயமாகச் சொன்னால் "சர்வீஸ்" என்பதில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்.

அது ராயலும் இல்லை. ராயல் அக்வா-மாஸ்டரின் முதல் நிலை சமன்செய்யப்பட்டது, அதாவது டேங்க் அழுத்தம் குறைந்தாலும் அதன் வேலை மாறாது; மதிப்பும் அதற்குத்தான். சமன்செய்யப்படாத டிஏ அக்வா-மாஸ்டருக்கும் அதற்கும் வெளிப்பெட்டி கிட்டத்தட்ட ஒன்றே. மேல் மூடியில் நகல் லேபிளை ஒட்டிவிட்டால் பிரித்துப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது. எனக்கு வந்தது டிஏ. கெட்ட கருவி இல்லை, நல்ல கருவிதான். ஆனால் நான் பணம் கொடுத்தது வேறொன்றுக்கு.

டேங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அது உரிந்து அடியில் துரு. காற்று நிரப்பும் இடத்தில் வாங்கவே மறுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "இது காட்சிக்கு வைக்கும் பொருள் என்று நினைத்துத்தான் வாங்கினீர்கள் என்று நினைத்தேன்." போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் "தண்ணீரில் இறங்கலாம்" என்ற வரி மாயமாகியிருந்தது. பழைய விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன், அதையும் அனுப்பினேன். குழாய்களுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்றார். பிறகு அதுவும் வரவில்லை, பதிலும் நின்றுபோனது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ரெகுலேட்டர் பெட்டியைப் பிரித்து உள்ளே தெரியும்படி படம் கேளுங்கள். மூடியின் மேல் இருக்கும் லேபிள் எதற்கும் சாட்சி இல்லை. குழாயை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இடைநிலை அழுத்தத்தை ஒரு கேஜில் காட்டி, சில நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று வெட்டாத வீடியோவில் பார்க்க வேண்டும். டேங்க் கழுத்தில் கடைசி அழுத்தச் சோதனையின் முத்திரை, உள்ளே விளக்கு விட்ட படம் இரண்டும் இல்லாமல் டேங்கோடு சேர்த்து வாங்காதீர்கள். பல நாடுகளில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை வேண்டும். எனக்குக் கேட்டால் ரெகுலேட்டரைத் தனியாகவும் டேங்கைத் தெரிந்த இடத்திலும் வாங்குவதே மேல்.

இப்போது அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது, அதே படங்களோடு. லேபிள் லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கும், பெட்டியைப் பிடித்திருக்கும் கிளிப்களில் ஒன்று மட்டும் மங்கலாக இருக்கும். அந்தப் படத்தில் உள்ள ரெகுலேட்டர் என் மேசையில் பிரிந்து கிடக்கிறது. அவர் அனுப்பப்போவது வேறு ஏதோ. அதனால், இன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.