ரெட் ஹாட்டா, ஏடபிள்யூஎஸ்ஸா: வேலைக்கு எது உதவும்?

லினக்ஸ் இயங்குதளம் தரும் ரெட் ஹாட், இணையம் வழியே கணினிகளை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ், இந்த இரண்டின் சான்றிதழ் தேர்வுகளில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டில் 130 நிமிடம், 65 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை; இணையத்தில் சுற்றும் வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்தே தேறிவிடுகிறவர்கள் உண்டு, அது நேர்காணல் எடுப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சிஸ்டம் அட்மின் தேர்வில் டிக் அடிக்கும் பேச்சே இல்லை. லினக்ஸ் மெஷினைக் கையில் கொடுத்து, ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) பாஸ்வேர்டை மாற்று, டிஸ்க்கைப் பிரி, சர்வீஸை ஓடவை என்பார்கள், இணையம் கிடையாது, செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். 300க்கு 210 எடுத்தால்தான் பாஸ்.

சரி, அப்படியானால் ரெட் ஹாட்தானே? ஆனால் விண்ணப்பங்களை எச்ஆர் வடிகட்டும்போது பெரும்பாலும் ஏடபிள்யூஎஸ்தான் முந்துகிறது. அமேசான் தன் பார்ட்னர் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் தர அடுக்குகளில் மேலே போக, சான்றிதழ் பெற்ற ஆட்கள் இத்தனை பேர் வேண்டும் என்று சேவை நிறுவனங்களுக்கு நிபந்தனை இருக்கிறது (அங்கே நீங்கள் தலைக்கணக்கில் ஒருவர், அவ்வளவுதான்). இரண்டும் 3 ஆண்டில் காலாவதி.

சிஸ்டம் அட்மின் வேலைக்கு நான் ரெட் ஹாட்டைத்தான் சொல்வேன். கிளவுட் பக்கம் போகிறவர்கள் ஏடபிள்யூஎஸ் எடுங்கள், ஆனால் கூடவே சொந்தமாக ஒரு விபிசியாவது (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்களுக்கென ஒரு தனி நெட்வொர்க்) கட்டிப் பாருங்கள், அடுத்த சுற்றில் துருவிக் கேட்பது அதைத்தான்.