திருகோணமலை நிலாவெளியில் முதல் போட: சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டு அறையா, அவர்களைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றிப் போகும் படகா?

வருமானக் காலம்: படகுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல ஓட்டம், வாடைக்காற்று எழும்பினால் கரையேற்ற வேண்டும். அறைக்கும் அதே மாதங்களில்தான் வெளிநாட்டவர் கூட்டம். ஆனால் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வரும் உள்ளூர்க் குடும்பங்கள் மிச்ச நாட்களில் கைகொடுக்கும்.

தேய்மானம்: இரண்டுக்கும் எதிரி உப்புத்தான். எஞ்சினை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவாவிட்டால் குளிர்நீர்ப் பாதையில் உப்புக் கட்டும், சூடேறி நிற்கும். அறையில் முதலில் போவது ஏசியின் வெளிப்பெட்டி. கடலைப் பார்த்து மாட்டாதீர்கள்.

செலவு: படகுக்கு எரிபொருளே பெரிது. புறாமலை தேசிய பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டுப் பணம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, உங்களுக்கல்ல.

நெருக்கடி: 2019 குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை. வெறும் அறையை மாத வாடகைக்காவது விடலாம். எண்ணெய் இல்லாத படகு மணலில்தான்.

கடல் தெரிந்த மீன்பிடிக் குடும்பத்துக்குப் படகு. காணியும் வீட்டில் சமைக்க ஆளும் உள்ளவர்களுக்கு அறை. கடன் எடுத்துத்தான் தொடங்குவதென்றால் படகு வேண்டாம்.