நைட்ரஜனைக் குறைக்கும் செலவு: தனித்தனியாகவா, கூட்டாகவா?

கடலில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க, ஒவ்வோர் ஊரும் தன் கழிவுநீர் நிலையத்தைத் தானே மேம்படுத்தலாம். கேட்க நியாயம்தான். ஆனால் சின்ன ஊருக்குக் கிலோவுக்கு ஆகும் செலவு பெரிய ஊரைவிடக் கூடுதலாகிவிடும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2002இல் வேறு வழியில் இறங்கியது. 79 நகராட்சி நிலையங்கள் ஒரே பரிமாற்றத்தில் சேர்ந்தன. இலக்கைத் தாண்டிக் குறைத்த ஊர் மிச்சத்தை விற்கும். எட்டாத ஊர் வாங்கும். எனக்குப் பிடித்தது அதன் எடைக்கணக்கு. கனெக்டிகட்டின் கரையோரக் கடலான லாங் ஐலண்டு நீரிணையின் மேற்குக் கோடியை நெருங்க நெருங்க நைட்ரஜனுக்கு மதிப்பு கூடும். கோடையில் நைட்ரஜனால் பெருகிய பாசி செத்து அழுகி, அடிநீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் திணறுவது அங்கேதான் அதிகம்.

சரி, வாங்கும் ஊரின் சொந்த ஆறு அழுக்காகவே கிடக்கலாம். அதற்குத் தனி வரம்பு வைத்தால், என் ஓட்டு கூட்டு வழிக்குத்தான்.