எல்இடி பல்பு, டிஆர்எல் பட்டி, ரிலே கிட்: ஹெட்லைட்டுக்கு எது வாங்கலாம், எது வம்பு

சென்னை ஜி.பி. ரோட்டு ஆக்சஸரி கடைகளில் "லைட் பத்தல" என்று போய் நின்றால் எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் நான்கு: ஹாலஜன் பல்பின் இடத்தில் செருகும் எல்இடி, 100/90 வாட் ஹாலஜன், டிஆர்எல் பட்டி (பகலிலும் எரியும் விளக்கு), ரிலே வயரிங் கிட் (பழைய சுவிட்ச் வயரை நம்பாமல் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் தரும் வயர் தொகுப்பு). கடைக்காரர் கடைசியாக எடுப்பதைத்தான் முதலில் வாங்க வேண்டும். ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பு) போட்ட கார்களை வைத்தே இங்கே பார்க்கிறோம்.

முதலில் எல்இடி. டப்பாவில் 20,000 லூமன் என்று அச்சடித்திருப்பார்கள். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால், ஒரு பல்பு இழுப்பது பெரும்பாலும் இரண்டு ஆம்பியரை ஒட்டித்தான், அதாவது 25 வாட் சொச்சம். வாட்டுக்கு 120 லூமன் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 3,000 தான் வரும். சாதாரண 60/55 வாட் ஹாலஜன் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) டிம்மில் 1,000, பிரைட்டில் 1,650 லூமன் தரும்.

அப்படிப் பார்த்தாலும் லாபம்தானே என்று தோன்றும். சிக்கல் ரிஃப்ளெக்டரில் இருக்கிறது. ஹெச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு தகட்டுக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போய், ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எழும்பக்கூடிய ஒளியை அது மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணில் படாமல் ஒளி ஒரு கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தக் கோடு கலையும். எல்இடியிலோ ஒரு தகட்டின் இரு பக்கமும் சிப்பு ஒட்டியிருக்கும். தகட்டின் தடிமன் அளவுக்கு ஒளி இடம் மாறிவிடுகிறது. விளைவு, பம்பருக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு முன்பைவிட இருட்டாகத் தெரியும். எதிரே பைக்கில் வருபவர் பாடு சொல்லவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் சிப்புகள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி திசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 12-6 ஆக நின்றால் ஒளி கன்னாபின்னாவென்று சிதறும். பின்னால் ஃபேன் இடிக்கிறதென்று ரப்பர் மூடியை வெட்டினால் முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் நீராவி படியும். எஃப்எம் ரேடியோ இரைந்தால் பல்பின் டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்) மட்டம் என்று அர்த்தம்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 106, முன்விளக்கின் ஒளி எதிரே இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி நிரந்தரமாகக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்கம் வைக்கும் ஸ்பாட் லைட்டுக்குத் தனியாக விதி 111 இருக்கிறது. டப்பாவில் 'சிஇ' முத்திரை இருக்கிறதே என்பார்கள்; அது விளக்குக்கான ஒப்புதல் அல்ல. ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராமின் ஹெச்7 எல்இடி பல்புக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும்.

100/90 வாட் ஹாலஜன் சாலைக்கானதே அல்ல. டப்பாவிலேயே ஆஃப்ரோடு என்று போட்டிருக்கும். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போன வயரில் 8.3 ஆம்பியர் போகும். முதலில் ஹோல்டர் உருகும், பிறகு சுவிட்ச்.

டிஆர்எல் பட்டியைப் பற்றி, "கவர்மென்ட்டே கட்டாயமாக்கிட்டாங்க சார்" என்பார் கடைக்காரர். நம்ப வேண்டாம். 2017 ஏப்ரலில் வந்தது இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாக எரியும் ஏஎச்ஓ. ஐரோப்பாவில்தான் 2011 பிப்ரவரியிலிருந்து புதிய கார் மாடல்களுக்கு டிஆர்எல் கட்டாயம். அங்குள்ள விதி நல்ல அளவுகோல்: வெள்ளை ஒளி, 400 முதல் 1,200 கேண்டெலா ஒளிச்செறிவு, தரையிலிருந்து 25 முதல் 150 செ.மீ. உயரம், இரண்டு விளக்குக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ., ஹெட்லைட் போட்டதும் அணைய வேண்டும். ஒப்புதல் பெற்றதன் கண்ணாடியில் 'ஆர்எல்' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஈ' எண்ணும் இருக்கும். ஹெட்லைட் ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டியில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. சிவப்பு, நீல நிறப் பட்டிகளைத் தொடவே வேண்டாம்.

வயரிங்கில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். நேராக பேட்டரியில் கொடுத்தால் நாலு நாள் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. வோல்டேஜ் 13ஐத் தாண்டியதும் எரியும் மாடியூல், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (தேவைக்கேற்ப வோல்டேஜை ஏற்றி இறக்குவது) உள்ள கார்களில் நினைத்தபோது அணைந்து எரியும். இக்னிஷனில் வரும் லைனிலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுப்பதே சரி. அதே காரின் உயர் வேரியன்ட்டில் டிஆர்எல்லோடு கம்பெனி ஹெட்லைட் வருமானால், செலவு கூடினாலும் வம்பு மிகக் குறைவு அதில்தான்.

கடைசியாக, நாம் பரிந்துரைக்கும் ரிலே கிட். பல வருடம் ஓடிய காரில் பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்கும், ஹோல்டரில் 12 தான் வரும். வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் ஹாலஜன் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் விழும். இன்ஜினை ஓடவிட்டு, டிம் போட்டு, ஹோல்டர் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கிட் போடலாம். கப்ளருக்குக் கப்ளர் செருகும் வகையாக வாங்குங்கள், ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீர்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே இரண்டு, 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், செராமிக் ஹோல்டர், பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ். எர்த்தைப் பெயின்ட் மேல் முடுக்கினால் போட்டதெல்லாம் வீண். பல்பு அதே 60/55தான்; பிலிப்ஸ், ஆஸ்ராம் இரண்டிலும் அதே வாட்டில் கூடுதல் வெளிச்ச வகை உண்டு, ஆயுள் கொஞ்சம் குறையும்.

மாட்டியபின் டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க, லெவல் திருகு பூஜ்யத்தில் வைத்து, 10 மீட்டர் தள்ளிச் சுவரில் டிம் அடியுங்கள். ஒளிக்கோடு பல்பின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே, இடப்பக்கம் மேலேறி நிற்க வேண்டும். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் அதற்கு முன்பே 1000, 2000, 3000 எண் உப்புத்தாளால் தேய்த்து, யூவி கிளியர் கோட் அடித்துவிடுங்கள். கோட் அடிக்காமல் பாலிஷ் மட்டும் போட்டுத் தருபவரிடம் கொடுத்தால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான்.